உங்கள் குக்கிராமத்தைத் தனியே எண்ணுங்கள்: வேலூர் மாவட்டக் கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு ஆகிய 7 ஒன்றியங்களின் ஊராட்சிகளில் கிராம சபைக்கு வந்து உட்காரும் எல்லோருக்கும்.

வணக்கம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வுக் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் ‘எங்கள் ஊருக்குப் பஸ் விட வேண்டும்’ என்பது தவறாமல் இருக்கும். அரைப் பக்கம் எழுதி, கீழே கையெழுத்தும் கைநாட்டுமாக நிரப்பியிருப்பார்கள். அந்த மனு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், பேருந்துப் பணிமனை, ஒன்றிய அலுவலகம் என்று சுற்றிவிட்டு, ‘போதிய பயணிகள் இல்லை’ என்றோ ‘சாலை பேருந்து இயக்க ஏற்றதாக இல்லை’ என்றோ பதிலோடு திரும்பும். இரண்டுக்கும் மறுபதில் உண்டு. அது எந்த அலுவலகக் கோப்பிலும் கிடைக்காது. உங்கள் ஊரில்தான் இருக்கிறது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள் என்ற கணக்குதான் அது. அதை எப்படி எடுப்பது, எங்கே பிசகும், எடுத்த பின் யாரிடம் கொடுப்பது என்று சொல்லவே இந்த மடல். கணக்கெடுப்பு, சாலை, பேருந்து இயக்கம் மூன்றிலும் பழகியவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

முதலில் அரசு ஏட்டில் உங்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணுவது, வருவாய்த் துறை எல்லை வகுத்த வருவாய்க் கிராமத்தை. நீங்கள் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் அதற்குள் இருக்கும் ஒரு குக்கிராமம்: ஒரு கொல்லைமேடு, ஒரு மேட்டுத் தெரு, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நூறு வீடு. 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 6 இலக்க எண் ஒன்று உண்டு. அதன் நேரே அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, ரயில் நிலையம், ஆட்டோ, தார்ச் சாலை என்று கட்டம் கட்டமாக உண்டு, இல்லை என்று போட்டிருக்கும். இல்லாத வசதி எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதை மூன்று ஆங்கில எழுத்துகளால் குறித்திருப்பார்கள்: ‘ஏ’ என்றால் 5 கி.மீ.க்குள், ‘பி’ என்றால் 5 முதல் 10 கி.மீ., ‘சி’ என்றால் 10 கி.மீ.க்கு மேல்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மெயின் ரோட்டை ஒட்டிய தாய்க் கிராமத்தில் பஸ் நின்றால், வருவாய்க் கிராமம் முழுவதற்கும் ‘பேருந்து உண்டு’ என்று விழுந்துவிடும். அதே எல்லைக்குள் 3 கி.மீ. உள்ளே இருக்கும் கொல்லைமேட்டுக்கும் அதே ‘உண்டு’தான். ஏட்டைப் பார்க்கும் அதிகாரி பொய் சொல்லவில்லை, ஏடு அப்படி இருக்கிறது. கொல்லைமேட்டின் மக்கள்தொகையும் தாய்க் கிராமத்தின் எண்ணுக்குள் கரைந்துவிடும். தனியாக எத்தனை பேர் என்று கேட்டால் அந்தக் கையேட்டில் பதில் இல்லை.

கையேட்டைத் தேடும்போது இன்னொன்றும் கவனியுங்கள். 2011-இல் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,36,331. இன்றைய ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் அதற்குள் அடக்கம். அவை தனியே பிரிந்தது 2019 நவம்பர் 28-இல். கே.வி.குப்பம் வட்டம் அந்தக் கையேட்டில் கிடையாது. அந்தப் பக்கத்து ஊர்களை பிரிவதற்கு முன்பிருந்த வட்டத்தின் பெயரின் கீழ் தேட வேண்டும். எளிய வழி, கிராம நிர்வாக அலுவலரிடம் வருவாய்க் கிராமத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து வாங்கிக்கொண்டு தேடுவது. ஊராட்சியின் பெயர் வேறு, வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறு என்று இருக்கும் இடங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம்.

சாலைத் திட்டம் மட்டும் வேறு கணக்கில் போகிறது. 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் குடியிருப்பைத்தான் அலகாகக் கொள்கிறது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற அதன் நான்காம் கட்டத்தில், சமவெளியில் 2011 கணக்குப்படி 500 பேரும் அதற்கு மேலும் இருக்கும், சாலை இணைப்பு இல்லாத குடியிருப்புகள் தகுதி பெறுகின்றன. இங்கே பலரும் தவறவிடும் விதி ஒன்று உண்டு: 500 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்துக் கணக்கிடலாம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மெயின் ரோட்டில் 2,300 பேர் உள்ள ஊர். 3 கி.மீ. உள்ளே 320 பேர் உள்ள ஒரு குக்கிராமம். அதிலிருந்து 400 மீட்டர் தள்ளி 260 பேர் உள்ள ஆதிதிராவிடர் குடியிருப்பு. தனித்தனியே கேட்டால் இரண்டுமே 500-ஐத் தொடாது. சேர்த்தால் 580. ஊரும் குடியிருப்பும் தனித்தனி மனுவாக எழுதியதாலேயே இரண்டுக்கும் சாலை கிடைக்காமல் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். சாலை போட்டால் இரண்டு பேரும்தான் நடக்கப் போகிறீர்கள்.

பெயர் மாற்றத்தையும் மறக்க வேண்டாம். ‘காலனி’ என்ற சொல் அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு, வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் பழைய சாலைப் பதிவேட்டிலும் 2011 பட்டியலிலும் பழைய பெயர்தான் இருக்கும். புதுப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால், ‘அப்படி ஒரு குடியிருப்பு பட்டியலில் இல்லை’ என்று மனு திரும்பி வரும். இனி சில ஆண்டுகளுக்கு மனுவில் புதுப் பெயரை எழுதி, பக்கத்திலேயே ‘முந்தைய பதிவில் இன்ன பெயர்’ என்று ஒரு வரி சேருங்கள்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நேரம், அதாவது எந்த நேரத்து நிலவரத்தை எண்ணுகிறார்களோ அது, 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. இந்த முறை பதிவெல்லாம் கைபேசிச் செயலியில். ஒரு கணக்கெடுப்பாளருக்குச் சுமார் 700 முதல் 800 பேர் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்குவார்கள். அப்படியானால் உங்கள் கொல்லைமேடும் அடுத்த மேட்டுத் தெருவும் ஒரே பகுதிக்குள் வரும். வருகிறவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். ஊருக்குப் புதியவராகவும் இருப்பார். அவரோடு ஊர்க்காரர் ஒருவர் கூடவே போக வேண்டும். கோயிலுக்குப் பின்னால் நாலு வீடு, மோட்டார் கொட்டகையை வீடாக்கிக் குடியிருப்பவர்கள், மாந்தோப்புக் காவலுக்குக் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள் ஆகியோர்தான் விடுபடுவார்கள். முகவரியில் குக்கிராமத்தின் பெயர் பதிவாகிறதா என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வெளியூர் போன குடும்பத்தின் வீடு பூட்டியிருந்தால், எப்போது திரும்புவார்கள் என்று சொல்லி இன்னொரு முறை வரச் சொல்லுங்கள். பூட்டிய வீடு எண்ணிக்கையில் ஏறாவிட்டால் அடுத்த 10 ஆண்டுக்கு ஏறாது.

ஆனால் பஸ்ஸுக்காக அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊரே கணக்கெடுக்கலாம். 150 வீட்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு வரி. பெயர் வேண்டாம், வீட்டு எண் போதும். மொத்தம் எத்தனை பேர். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள் எத்தனை பேர், எந்தப் பள்ளி. கல்லூரி, ஐடிஐ போகிறவர்கள். தினமும் வேலைக்கு வெளியே போகிறவர்கள் எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள். மாதம் ஒரு முறையாவது ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். வண்டி உள்ள வீடா, இல்லாத வீடா. தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 4 பேருக்குச் சற்றுக் குறைவு என்பது 2011 கணக்கு. உங்கள் கூட்டலில் வீட்டுக்கு 6 பேர் என்று வந்தால் எங்கோ இரட்டிப்பாக எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்ட மகனையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. பாசத்தில் சொல்வது, ஆனால் அவர் நாளைக் காலை பஸ் ஏறப் போவதில்லை.

6-ஆம் வகுப்பிலிருந்து ஏன் தனியே எழுதச் சொல்கிறோம் என்றால், தொடக்கப் பள்ளி 1 கி.மீ.க்குள், நடுநிலைப் பள்ளி 3 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளி 5, 7 கி.மீ. தள்ளி இருக்கும். அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைப்பதோ 11-ஆம் வகுப்பில். ஆகவே 9, 10-ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகள்தான் நடைக்கும் பங்கு ஆட்டோவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளியை நிறுத்துவதும் அந்த வயதில்தான் நடக்கிறது. மனுவில் எந்த எண் முதலில் வர வேண்டும் என்று எங்களைக் கேட்டால் இந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் சொல்வோம்.

வீட்டுக் கணக்கு முடிந்ததும் சாலை முனையில் உட்கார்ந்து ஆள் எண்ண வேண்டும். காலை 5 முதல் இரவு 9 வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். போகிறவர், வருகிறவர், எதில் என்பது போதும்: நடை, சைக்கிள், இருசக்கர வண்டி, பங்கு ஆட்டோ, தோல், ஷூ கம்பெனி வேன், பால் வண்டி. மூன்று நாள் எண்ணுங்கள்: ஒரு சாதாரண நாள், ஒரு சந்தை நாள், ஒரு ஞாயிறு. கே.வி.குப்பம் பக்கம் என்றால் ஆட்டுச் சந்தை கூடும் திங்கள், பொய்கை பக்கம் என்றால் மாட்டுச் சந்தை கூடும் செவ்வாய், ஒடுகத்தூர் பக்கம் என்றால் வெள்ளி. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நாளிலோ, திருவண்ணாமலைப் பௌர்ணமியிலோ எண்ணாதீர்கள். அன்றைக்குப் பேருந்துகள் சிறப்பு இயக்கத்துக்குப் போயிருக்கும், ஊர் நடமாட்டமும் வழக்கம்போல் இருக்காது. அந்த எண்ணைக் காட்டினால் விவரம் தெரிந்த அதிகாரி ஒரே கேள்வியில் மொத்தக் கணக்கையும் ஒதுக்கிவிடுவார்.

‘போதிய பயணிகள் இல்லை’ என்பது எப்படி வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பணிமனைக்குத் தெரிவது டிக்கெட் கணக்கு மட்டுமே. பள்ளிப் பிள்ளைகள் இலவசப் பாஸில் ஏறுகிறார்கள். அவர்களுக்கு டிக்கெட் கிழிவதில்லை. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் அவர்களுக்குக் கட்டணமில்லா டிக்கெட் ஒன்று உண்டு. கூட்டத்தில் கண்டக்டர் அதைக் கொடுக்காமல் விட்டாலும், ‘அது எதுக்குப்பா’ என்று வாங்காமல் விட்டாலும், அந்தப் பயணம் நடந்ததற்கே பதிவில்லை. ஆக, காலை 8 மணி நடையில் (பஸ்ஸின் ஒரு முறை ஓட்டத்தை நடை என்பார்கள்) படிக்கட்டு வரை பிள்ளைகளும் பெண்களுமாக நிறைந்து போகும் வண்டி, ஏட்டில் காலியாக ஓடியதாகத் தெரியும். இதற்கு இரண்டே மருந்து. பெண்கள் ஒவ்வொருவரும் அந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டுதான் உங்கள் ஊருக்குப் பஸ்ஸைத் தக்கவைக்கிறது. பள்ளித் தலைமையாசிரியரிடம், இன்ன ஊரிலிருந்து இத்தனை பிள்ளைகள் பேருந்துப் பாஸ் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சான்று எழுதி வாங்கி மனுவோடு இணைக்க வேண்டும்.

இப்போது சாலை. முழு அளவுப் பேருந்தின் அகலம் 2.5 மீட்டர் அளவில். கிராமச் சாலையின் தார் அகலம் வழக்கமாக 3.75 மீட்டர், போக்குவரத்து மிகக் குறைந்த இடத்தில் 3 மீட்டர். எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். பழைய தாரின் மேலேயே தார் போட்டுக்கொண்டு போய், ஓரத்தில் மண் அணைக்காமல் விட்ட சாலைகளில் விளிம்பு அரையடி உயரத்துக்கு நிற்கிறது. சக்கரம் இறங்கினால் வண்டி சாயும். டிரைவர் அந்தத் தடத்துக்கு வர மறுப்பதில் நியாயம் இருக்கிறது. ஓர மண் அணைப்பது பெரிய செலவில்லை. அடுத்த முறை தார் போடும்போது ஒப்பந்தக்காரர் மண் அணைத்தாரா என்று பார்ப்பது ஊரின் வேலை.

வண்டி திரும்புவதற்கு இடம் வேண்டும். பெரிய பேருந்து ஒரே வீச்சில் திரும்ப சுமார் 24 மீட்டர் விட்டம் தேவை. ஏரிக்கரை ஓரத்துப் புறம்போக்கு, பள்ளிக்கு முன்னால் உள்ள திடல், பழைய களத்துமேடு எதுவாக இருந்தாலும் 25 மீட்டருக்கு 25 மீட்டர் சதுரம் ஒதுக்கி, முட்செடி வெட்டி, கிராவல் கொட்டி வையுங்கள். இடம் இல்லாமல் வீடுகளுக்கு நடுவே பின்னால் எடுத்துத் திருப்பும் ஊர்களில், குழந்தைகள் விளையாடும் நேரத்தில் பெரிய ஆபத்து.

தலைக்கு மேலேயும் பாருங்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்திலும், சாலை நெடுகப் போவது 5.5 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. கம்பி தொய்ந்து கிடந்தால் கம்பத்தின் எண்ணை எழுதி மின்வாரியத்துக்குத் தனி மனு கொடுங்கள். பஸ் மனுவில் சேர்த்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். புளியமரக் கிளை கண்ணாடியில் உரசும் இடங்களைக் குறியுங்கள். வேகத்தடை விஷயத்தில் ஊர்க்காரர்களே தவறு செய்கிறோம். முறையான வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் உள்ள மெதுவான மேடு. ஒரு வண்டி மண்ணும் கல்லும் கொட்டி அடி உயரத்துக்கு எழுப்பினால் பேருந்தின் அடிப்பாகம் தட்டும், பட்டை ஸ்பிரிங் உடையும். இரண்டு முறை உடைந்தால் மூன்றாம் முறை வண்டி முனையோடு திரும்பிவிடும்.

தரைப்பாலம் உள்ள ஊர்கள் இன்னும் ஒரு விவரம் சேர்க்க வேண்டும். 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறும் பொன்னையும் கௌண்டின்யாவும் கரை தொட்டு ஓடியபோது தரைப்பாலங்கள் மூழ்கி ஊர்கள் துண்டிக்கப்பட்டன. உங்கள் தரைப்பாலத்தில் தண்ணீர் எந்த மாதம் ஏறுகிறது, எத்தனை நாள் நிற்கிறது, அப்போது சுற்றுவழி எவ்வளவு தூரம் என்று மூன்று வரி எழுதுங்கள். பாலத்தின் ஓரக் கல்லில் பெயிண்டால் அடிக்கணக்குக் கோடு போட்டு வைத்தால், ‘எவ்வளவு தண்ணீர் போகிறது’ என்று கேட்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டியிருக்காது.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாக. 1856 ஜூலை 1-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது நம் வடஆற்காட்டுக்குத்தான். லத்தேரி, காவனூர், வளத்தூர், மேல்பட்டி, இந்தப் பக்கம் கணியம்பாடி, கண்ணமங்கலம் என்று சின்ன நிலையங்கள் நிறைய. ‘ரயில் நிலையம் 5 கி.மீ.க்குள்’ என்று கையேடு சொல்வதால் பயன் இருக்கிறதா என்பது, அங்கே நிற்கும் ரயிலின் நேரத்துக்கு உங்கள் ஊரிலிருந்து போக வண்டி உண்டா என்பதைப் பொறுத்தது. மனுவில் ரயில் நேரத்தையும் எழுதுங்கள்.

இனி என்ன கேட்பது. ‘எல்லா நடையும் எங்கள் ஊர் வரை நீட்டிக்க வேண்டும்’ என்று கேட்பதுதான் வழக்கமான தவறு. கணக்குப் போடுங்கள். மெயின் ரோட்டிலிருந்து 3 கி.மீ. உள்ளே போய் வர 6 கி.மீ.; ஏற்றி இறக்கித் திரும்ப 20 நிமிடம். ஒரு நாளில் 8 நடைக்கும் நீட்டித்தால் 160 நிமிடம் போகும். அந்த நேரத்தில் அந்த வண்டி ஓட வேண்டிய ஒரு முழு நடை விழுந்துவிடும், மெயின் ரோட்டு ஊர்கள் எதிர்த்து மனுக் கொடுக்கும், பணிமனை கைவிரிக்கும். மூன்று நடை கேளுங்கள்: காலை பள்ளிக்கு, மதியம் ஆஸ்பத்திரியும் சந்தையும் போனவர்கள் திரும்ப, மாலை பள்ளி விடும் நேரம். நேரத்தையும் நீங்களே எழுதுங்கள். பள்ளி 9:15-க்குத் தொடங்கினால், ஊரில் 9:05-க்கு வரும் பஸ் யாருக்கு? எந்தத் தடம் எண்ணுள்ள வண்டியை, எத்தனை மணி நடையை, எங்கிருந்து எதுவரை நீட்டிக்க வேண்டும் என்று எழுதிய மனு பணிமனையின் கிளை மேலாளர் மேசையில் நிற்கும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அதிகம் உள்ள ஊர், வேலூரில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்க ஆகும் நேரத்தையும் சேர்த்து எழுதட்டும்.

இரவு தங்கல் வண்டி, அதாவது இரவு ஊரிலேயே நின்று விடியற்காலையில் கிளம்பும் பஸ், கேட்பதாக இருந்தால் ஊரும் ஒன்று செய்தாக வேண்டும். பூவும் காய்கறியும் பாலும் விடியற்காலையில் டவுனுக்குப் போகிற ஊருக்கு இரவு தங்கல்தான் உயிர்நாடி. ஆனால் டிரைவரும் கண்டக்டரும் படுக்கப் பூட்டுள்ள ஓர் அறை, மின்விசிறி, கழிப்பறை, தண்ணீர், வண்டி நிற்குமிடத்தில் ஒரு விளக்கு ஆகியவற்றை ஊராட்சி கொடுக்க வேண்டும். வண்டிக்குள்ளேயே கொசுக்கடியில் படுக்க வைத்தால், அந்த டூட்டிக்கு ஆள் வர மாட்டார்கள். ஆள் வராத டூட்டி ஒரு மாதத்தில் ரத்தாகும்.

பஸ்ஸா, மினி பஸ்ஸா என்பதை யோசித்துக் கேளுங்கள். 1997-இல் வந்த மினி பஸ் திட்டத்தில், பேருந்து இல்லாத சாலை 16 கி.மீ., பேருந்து ஓடும் சாலை 4 கி.மீ. என்று 20 கி.மீ. வரம்பு இருந்தது. 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய விரிவான திட்டத்தில் மொத்தத் தூரம் 25 கி.மீ. வரை போகலாம், அதில் பெரும்பகுதி பேருந்து ஓடாத சாலையாக இருக்க வேண்டும். குறுகலான சாலைக்கும் சின்னத் திருப்பத்துக்கும் மினி பஸ் பொருத்தம். ஆனால் அது தனியார் வண்டி; பெண்கள் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாத, இருக்கிற வெள்ளை போர்டு நகரப் பேருந்தை விட்டுக்கொடுத்து மினி பஸ் கேட்டுவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். பெயருக்கு ஒரு நடை ஓடி, அதுவும் அடிக்கடி ரத்தாகும் தடம் ஏட்டில் ‘பேருந்து ஓடும் சாலை’ என்றுதான் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்; அப்படி இருந்தால் மினி பஸ்ஸுக்கான ‘பேருந்து ஓடாத சாலை’க் கணக்கில் அது சேராது. ரத்தான நடைகளின் விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம்: இன்ன தடம் எண், கடந்த மூன்று மாதத்தில் அட்டவணைப்படி எத்தனை நடை, ஓடியது எத்தனை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மலை ஊர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர்களுக்குச் சாலையே கேள்வியாக நிற்கிறது. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஊராட்சிகளின் குடியிருப்புகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. 2023 மே மாதம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் உயிர் போனது. உடலையும் மலைப்பாதையில் தாயே கையில் சுமந்து நடக்க வேண்டியிருந்தது. ‘வனத்துறை அனுமதி இல்லை’ என்பதோடு முடிந்துவிடும் விஷயமில்லை இது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, சாலை போன்ற 13 வகை வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் எடுக்க வழி தருகிறது. அதற்கு முதல் நிபந்தனை கிராம சபையின் பரிந்துரை. 1 ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 6 மீட்டர் அகலத்தில் போட்டால் சுமார் 1.6 கி.மீ. சாலை, அகலத்தை 3.75 மீட்டரோடு நிறுத்தினால் சுமார் 2.6 கி.மீ. காட்டுக்குள் உங்களுக்கு விடுபட்ட தூரம் எவ்வளவு என்று அளந்து, அதற்கேற்ற அகலத்தைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். வழியில் நிற்கும் மரங்களை இனவாரியாக எண்ணி எழுதினால், புல ஆய்வுக்கு வருபவரின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

அதிகாரிகளிடமும் வெளிப்படையாக மூன்றைக் கேட்கிறோம். ஒரு நடையை நிறுத்துமுன் பாஸ் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். நிறுத்துவதை அந்தக் கிராம சபைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘சாலை ஏற்றதாக இல்லை’ என்று எழுதும்போது எந்த இடம், என்ன குறை, சரிசெய்ய வேண்டியது எந்தத் துறை என்று சேர்த்து எழுதுங்கள். மாவட்ட இதர சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஒன்றியச் சாலை வட்டார வளர்ச்சி அலுவலருடையது. ஊராட்சிச் சாலை ஊராட்சியுடையது. இது தெரியாமல் தவறான கதவைத் தட்டியே ஊர்க்காரர்கள் வருடங்களைத் தொலைக்கிறார்கள்.

கணக்கு கையில் வந்ததும் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு உண்டு. வருகைக் குறைவால் தீர்மானம் செல்லாமல் போகக் கூடாது: ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். குக்கிராமத்துக்காரர்கள் தனியாக ஒரு டிராக்டரிலாவது ஏறி வாருங்கள். கூட்டம் தாய்க் கிராமத்தில் நடப்பதாலேயே உங்கள் ஊர் விஷயம் பேசப்படாமல் போகிறது. தீர்மானத்தில் குடியிருப்பின் பெயர், முந்தைய பெயர், வருவாய்க் கிராம எண், வீடுகள், மக்கள்தொகை, மெயின் ரோட்டுக்குத் தூரம், கேட்கும் நடையின் நேரம், தடம் எண் எல்லாம் வர வேண்டும். ‘பேருந்து வசதி கோரி’ என்று ஒற்றை வரியில் எழுத விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதும் அதே இடத்தில் நகல் கேட்டு வாங்குங்கள். நகலோடு வீட்டுக் கணக்கு ஒரு பக்கம், ஆள் எண்ணிக்கை ஒரு பக்கம், தலைமையாசிரியர் சான்று, சாலையில் திரும்பும் இடத்தின் படம் ஆகியவற்றை இணைத்து மூன்று பிரதி போடுங்கள். ஆட்சியருக்கு ஒன்று, போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு ஒன்று. மூன்றாவது பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி ஊரில் வையுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தத் தேதியிலிருந்துதான் கேள்வி தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டக் கிராமங்களின் கணக்கும் சாலையும் பேருந்தும் அறிந்த சிலர்